தண்டிக்கும் அதிகாரமற்ற நியாயசபைகள்: ரசல் நியாயசபையும் அதன் வழிவந்தவையும்

நீதி வழங்குதல் அரசுக்கு மட்டுமே உரிய கருமம் என்பது நவீன அரசுக் கோட்பாட்டின் அடித்தளங்களுள் ஒன்று. சிறையும் பொலிசும் படையும் எவர் கையில் உள்ளனவோ அவர் கையிலேயே தீர்ப்பெழுதும் உரிமையும் இருக்கும். ஆனால் அரசே குற்றவாளியாக நிற்குமிடத்து, அதிலும் ஓர் அரசு தன் எல்லைக்கு வெளியே பிறிதொரு மக்கட் கூட்டத்துக்கு எதிராகக் குற்றமிழைக்குமிடத்து, அதனை விசாரிக்க வல்லவர் யார்? இவ்வினா பழையது. எனினும் இதற்கு நடைமுறையில் ஒரு விடை காணும் முயற்சி 1966ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் தொடங்கியது. பேட்ரண்ட் ரசலின் பெயரால் வழங்கும் அந்த நியாயசபையையும், அதன் வழியில் அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தோன்றிய மக்கள் நியாயசபைகள் சிலவற்றையும் வரலாற்று அடிப்படையில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். 2010இலும் 2013இலும் இத்தகைய சபையொன்று இலங்கை அரசின்மீது தீர்ப்புரைத்தது. ஆதலால் இவ்வாராய்ச்சி நமக்குப் புறம்பானதன்று.

விடயத்துட் புகுமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக் கொள்ளல் வேண்டும். 'சிவில் சமூகம்' என்ற தொடர் அண்மைக் காலத்தில் நம்மிடையே மிக மலிவாக வழங்குகின்றது. கொழும்பு விடுதிகளின் மாநாட்டு மண்டபங்களில் அத்தொடர் ஒலிக்கும்போது, நிதி வழங்கும் நிறுவனங்களும் நிதி பெறும் நிறுவனங்களும் சேர்ந்த ஒரு சிறு வட்டமே பெரும்பாலும் கருதப்படுகின்றது. ஹெகலிடமிருந்து இக்கருத்தைப் பெற்ற மார்க்ஸ், தனிச்சொத்தும் தன்னலமும் ஆட்சி புரியும் களமாகவே அதனைக் கண்டார். முசோலினியின் சிறையிலிருந்து எழுதிய கிராம்சியோ, பாடசாலை, திருச்சபை, பத்திரிகை, தொழிற்சங்கம் முதலியவற்றினூடாக ஆளும் வர்க்கம் மக்களின் இணக்கத்தைப் பெறுகின்ற களமாகவும், அதனாலேயே அவ்விணக்கம் மறுக்கப்படக்கூடிய களமாகவும் அதனை விளக்கினார். இக்கட்டுரையில் நாம் அச்சொல்லைக் கையாள்வது கிராம்சி தந்த பொருளிலேயே ஆகும். அது நடுநிலையான நல்லோரின் அவையன்று.

எல்லை கடந்த நீதி வேட்கை இருபதாம் நூற்றாண்டுப் புத்திஜீவிகளின் கண்டுபிடிப்பு எனக் கொள்வதும் தவறு. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென்மாநிலப் பருத்தியின் வரவு தடைப்பட்டதால் லங்காஷயர் ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. அந்நிலையிலும் 1862 டிசம்பர் 31ஆம் நாள் மான்செஸ்டரிற் கூடிய தொழிலாளர், அடிமை முறையை எதிர்த்து லிங்கனுக்கு வாழ்த்து அனுப்பினர். லங்காஷயர்த் தொழிலாளர் அனைவரும் ஒருமுகமாக நின்றனர் என்பது மிகை. தென்மாநிலங்களை ஆதரித்தோரும் அவர்களிடையே இருந்தனர். ஆயினும் 1864இல் முதலாம் அகிலத்தின் தொடக்க உரையை வரைந்த மார்க்ஸ், இங்கிலாந்து அடிமை முறையின் பக்கம் போரில் இறங்காது தடுத்தது ஆளுவோரின் அறிவன்று, தொழிலாளரின் எதிர்ப்பே என எடுத்துக்காட்டினார். தனி மனிதரிடையே நிலவ வேண்டிய ஒழுக்கமும் நீதியும் நாடுகளிடையேயும் நிலவுமாறு செய்தல் தொழிலாள வர்க்கத்தின் கடமை என அவர் அவ்வுரையின் இறுதியில் வலியுறுத்தினார். வெளிநாட்டுக் கொள்கை அமைச்சர்களின் இரகசியமாக இருந்த காலத்தில் இது புதுமையான கோரிக்கை என்பதிற் சந்தேகமில்லை.

நீதிமன்ற வடிவத்துக்கும் முன்மாதிரிகள் இருந்தன. ஜேர்மன் பாராளுமன்றக் கட்டடம் எரிக்கப்பட்ட வழக்கில் நாசிகள் டிமிற்றோவ் முதலிய கம்யூனிஸ்டுகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியபோது, 1933 செப்டெம்பரில் இலண்டனிற் பல நாட்டு வழக்கறிஞர் கூடி ஓர் எதிர்விசாரணையை நடத்தினர். டி. என். பிரிற் அதற்குத் தலைமை தாங்கினார். லைப்சிக் நகரில் வழக்குத் தொடங்குவதற்கு முதல்நாள் அவர்களது முடிவு வெளியாயிற்று. டிசம்பரில் டிமிற்றோவ் குற்றமற்றவர் எனத் தீர்ப்பாயிற்று. நான்காண்டுகள் கழித்து, மொஸ்கோ வழக்குகளில் ட்ரொட்ஸ்கிமீது சுமத்தப்பட்ட குற்றங்களை மெக்சிக்கோவில் ஜோன் டூயி தலைமையிலான குழு விசாரித்து அவற்றைப் பொய்யெனக் கண்டது. முதலாவதைப் போற்றிய இடதுசாரிகளுட் பலர் இரண்டாவதைப் பேச மறுத்தனர். இவ்வேறுபாட்டை வாசகர் மனத்திற் கொள்வது நன்று; இதே சிக்கலைப் பின்னரும் நாம் எதிர்கொள்ள வேண்டியிருக்கும்.

1966 நவம்பரில் இலண்டனில் முதன்முறை கூடிய ரசல் நியாயசபை இம்முன்மாதிரிகளிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபட்டது. முன்னையவை குற்றஞ்சாட்டப்பட்டோரைப் பாதுகாக்க எழுந்தவை. இதுவோ உலகின் மிக வலிமை வாய்ந்த அரசின்மீது குற்றஞ்சாட்ட எழுந்தது. அப்போது ரசலுக்கு வயது 94. அவர் கௌரவத் தலைவர். சார்த்தர் நிறைவேற்றுத் தலைவர். யூகோஸ்லாவிய வரலாற்றாசிரியர் விளாடிமிர் டெடியர் அமர்வுகளின் தலைவர். உறுப்பினர் பட்டியலில் சீமோன் டி பொவுவா, ஐசாக் டொய்ச்சர், ஜேம்ஸ் போல்ட்வின், கணிதவியலாளர் லோரன் ஷ்வார்ட்ஸ், இத்தாலிய சோஷலிசச் சட்ட அறிஞர் லேலியோ பாசோ ஆகியோரைக் காணலாம். பாகிஸ்தானின் வழக்கறிஞர் மஹ்மூத் அலி கசூரி, பிலிப்பைன்சின் கவிஞரும் தொழிற்சங்கவாதியுமான அமாடோ ஹெர்னாண்டஸ் ஆகியோரும் அதில் இடம்பெற்றனர். ஹெர்னாண்டஸ் தமது நாட்டிலே கிளர்ச்சிக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையிருந்தவர். மேற்கத்திய எழுத்துக்களில் இப்பட்டியல் பேசப்படும்போது சார்த்தரோடும் ரசலோடும் அது முடிந்துவிடுவதைப் பலமுறை அவதானித்துள்ளோம். நீதிமன்றம் என்னும் அமைப்பைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து அறிந்தவர்களும் அங்கு நீதிபதிகளாக இருந்தனர் என்பது நமக்கு முக்கியமானது.

சபை பாரிசிற் கூடுவதற்குத் திட்டமிட்டது. பிரெஞ்சு சனாதிபதி டி கோல் அதற்கு முந்திய ஆண்டுதான் புனோம் பென் நகரில் நின்று அமெரிக்கப் போர்க் கொள்கையை வெளிப்படையாகக் கண்டித்திருந்தார். அவர் இடமளிப்பார் என எதிர்பார்த்ததிற் பிழையில்லை. ஆனால் டெடியருக்கு விசா மறுக்கப்பட்டது. சார்த்தர் விளக்கம் கேட்டபோது, 1967 ஏப்ரல் 19ஆம் நாளிட்ட கடிதத்தில் டி கோல் மிக மரியாதையாக மறுத்துரைத்தார். எவரும் தாம் விரும்பியவாறு எண்ணலாம், எழுதலாம். ஆனால் நீதி, கோட்பாட்டளவிலும் நிறைவேற்றலிலும், அரசுக்கே உரியது என்பதே அவரது வாதம். அமெரிக்காவை எதிர்க்கும் ஓர் அரசுத் தலைவரே, அமெரிக்காவை மக்கள் விசாரிப்பதைத் தடுத்தார். இதில் முரண்பாடு எதுவுமில்லை என்பதே நமது கருத்து. அரசுகள் தம்முள் எவ்வளவு பகைத்தாலும், தீர்ப்பளிக்கும் உரிமை தம் வட்டத்துக்கு வெளியே செல்லலாகாது என்பதில் ஒன்றுபட்டே நிற்கின்றன. அல்ஜீரியப் போர் முடிந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன என்பதையும் மறத்தலாகாது. இன்று அமெரிக்கா, நாளை பிரான்சு என்ற அச்சம் டி கோலுக்கு எழுந்திராது என்று கூறவியலாது.

ஈற்றில் 1967 மே 2 முதல் 10 வரை ஸ்டொக்ஹோமில், தொழிலாளர் இயக்கம் கட்டிய மக்கள் மண்டபத்தில் முதல் அமர்வு நடைபெற்றது. சுவீடனின் பிரதமர் தாகே ஏர்லாண்டர் அதனை விரும்பவில்லை. ஆயினும் தடைசெய்யத் தமக்குச் சட்டத்தில் இடமில்லை என்று ஒதுங்கினார். எதிர்வாதம் செய்ய அமெரிக்க அரசு அழைக்கப்பட்டது. 94 வயது ஆங்கிலேயர் ஒருவருடன் விளையாடுவதற்குத் தாம் தயாரில்லை என்ற பொருள்பட இராசாங்கச் செயலாளர் டீன் ரஸ்க் பத்திரிகையாளரிடம் கூறினார். மேற்குலகின் பெரும் பத்திரிகைகளும் ஏறத்தாழ இதே தொனியிலேயே எழுதின. தீர்ப்பு முன்னரே எழுதப்பட்டுவிட்டது, இது நாடகம் என்பதே அவற்றின் குற்றச்சாட்டு.

இக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சபையில் இருந்தோர் அனைவரும் போரை எதிர்த்தவர்கள் என்பது உண்மையே. ஆயினும் நீதிபதிகளின் உள்ளச் சாய்வை மட்டும் ஆராய்ந்து விசாரணையை அளக்க முற்படுவோர் சான்றாதாரங்களைப் படிப்பதில்லை. ஓர் எடுத்துக்காட்டு தருவோம். வட வியட்னாமுக்குச் சென்ற விசாரணைக் குழுக்கள் ஒருவகைக் கொத்துக்குண்டின் பகுதிகளைக் கொண்டு வந்தன. பெரிய குண்டொன்று வானிலே திறந்து நூற்றுக்கணக்கான சிறு குண்டுகளைச் சிதறும். கைப்பிடியளவான அச்சிறு குண்டு ஒவ்வொன்றும் வெடித்து இருநூறு, முந்நூறு சிறிய உலோக மணிகளை எல்லாத் திசைகளிலும் வீசும். இராணுவ இலக்குகளுக்கே தாம் குண்டு வீசுவதாக அமெரிக்க அரசு கூறிவந்தது. பிரெஞ்சு பௌதிகவியலாளர் ழான்-பியர் விஜியே சபையின் முன் அளித்த சாட்சியம் எளிமையானது: அம்மணிகள் சீமெந்துச் சுவரையோ இரும்புத் தகட்டையோ துளைக்கமாட்டா, மண் மூட்டை ஒன்று போதும் அவற்றைத் தடுக்க, மனித உடலை மட்டும் அவை துளைக்கும். பாலத்தையோ தொழிற்சாலையையோ தகர்க்க இயலாத ஆயுதம் குடியிருப்புகளின் மீது வீசப்படுவதன் நோக்கம் யாது? ஆயுதத்தின் அமைப்பே நோக்கத்தைக் காட்டிக்கொடுத்தது. இதற்கு விசாரிப்பவரின் அரசியற் சாய்வு தேவையில்லை. உலோகமும் அளவுகோலும் போதுமானவை.

அவ்வாண்டு நவம்பர் 20 முதல் டிசம்பர் 1 வரை டென்மார்க்கின் ரொஸ்கில்டே நகரில் இரண்டாம் அமர்வு கூடியது. வியட்னாமிற் போரிட்டுத் திரும்பிய அமெரிக்கப் படையினர் மூவர் இங்கு வந்து, கைதிகள் சித்திரவதை செய்யப்பட்ட முறைகளை விவரித்தனர். குற்றஞ்சாட்டப்பட்ட தரப்பின் படைவீரரே சாட்சிகளாக மாறிய இந்நிகழ்வு, நமது நோக்கில், இரு அமர்வுகளிலும் மிகக் கனதியானது. அமெரிக்க அரசு இனப்படுகொலைக் குற்றம் புரிந்தது எனச் சபை ஏகமனதாக முடிவு செய்தது. உடந்தைக் குற்றம் பற்றிய வினாக்களில் தாய்லாந்தும் பிலிப்பைன்சும் ஏகமனதாகக் குற்றவாளிகளாயின. ஜப்பானைப் பொறுத்தவரை எட்டுக்கு மூன்று என வாக்குப் பிளவுண்டது. முன்கூட்டியே எழுதிய தீர்ப்பில் இத்தகைய பிளவுக்கு இடமேது?

ரொஸ்கில்டேயில் சார்த்தர் இனப்படுகொலை பற்றி ஆற்றிய உரை தனித்து ஆராயத்தக்கது. 1948ஆம் ஆண்டின் சாசனம் 'நோக்கம்' என்பதை இன்றியமையாத கூறாகக் கொள்கின்றது. எந்த அரசும் தன் நோக்கத்தை எழுதி வைப்பதில்லை. மக்கள் முழுமையாக ஒரு விடுதலைப் போரின் பின்னால் நிற்கும்போது, அவர்களை அடக்க முனையும் அந்நியப் படைக்கு மக்களையே அழிப்பதன்றி வேறு வழி எஞ்சுவதில்லை. ஆதலால் நோக்கம் ஆவணங்களில் அன்று, செயல்களிலேயே தேடப்படல் வேண்டும் என்பது சார்த்தரின் வாதம். இதனை அவர் ஏகாதிபத்தியத்தின் பொருளாதார நலன்களோடும், ஏனைய மூன்றாம் உலக மக்களுக்கு விடுக்கப்படும் எச்சரிக்கையோடும் இணைத்துக் காட்டினார். சட்ட வாதம் என்ற அளவில் இது இறுக்கமானதன்று. மக்கட்போர் ஒவ்வொன்றையும் அடக்கும் முயற்சி யாவும் இனப்படுகொலையே என்ற முடிவுக்கு அது இழுத்துச் செல்லக்கூடும். ஆனால் காலனித்துவத்தையும் இனப்படுகொலையையும் ஒரே பகுப்பாய்வினுட் கொணர்ந்தமை அதன் நிலைத்த பயன் எனலாம்.

இங்கு, இலக்கிய மாணவர் என்ற வகையில், ஒன்றைக் குறிப்பிடாது செல்ல இயலவில்லை. உறுப்பினருள் ஒருவரான பீட்டர் வைஸ் 1965இல் 'விசாரணை' என்ற நாடகத்தை அளித்திருந்தார். பிராங்பேர்ட் நகரில் நடைபெற்ற ஔஷ்விட்ஸ் வழக்கின் சாட்சியங்களைக் கொண்டே அது அமைந்தது. கற்பனைக் கதாபாத்திரம் என்று ஒன்றில்லை. நீதிமன்றம் நாடகமாகியது அங்கே. நாடகம் எனப் பழிக்கப்பட்ட நீதிமன்றம் இங்கே. 'நாடகம்' என்ற பழிச்சொல் இவ்வாறு வலுவிழக்கின்றது. கூத்துக்களரியில் வேந்தனின் குற்றத்தை ஊரறியச் சொல்லுதல் நம் மரபுக்கும் புதிதன்று. அரங்கு என்பது பொய்யுரைக்கும் இடம் எனக் கருதுவோர் அரங்கையும் அறியார், மன்றையும் அறியார்.

இனி, சபைக்கு எதிராக எழுந்த கேள்விகளுள் மிகக் கடினமானதைக் கருதுவோம். அது பகைவரிடமிருந்து எழவில்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ஸ்டோட்டன் லிண்ட், போரை எதிர்த்து ஹனோய்க்கே சென்று வந்தவர். நியாயசபையில் அமர அழைக்கப்பட்டபோது அவர் மறுத்தார். இரு தரப்பினதும் செயல்களைச் சபை விசாரிக்க வேண்டும், ஒரு செயல் குற்றமாயின் அதனை எவர் செய்யினும் குற்றமே என்பது அவரது நிலைப்பாடு. ஆக்கிரமிப்பாளனின் வன்முறையையும் அதனை எதிர்க்கும் ஏழை உழவரின் வன்முறையையும் ஒரே தராசில் இடுவது அநீதி எனச் சபையினர் விடையிறுத்தனர். காரணத்தையும் அளவையும் பொறுத்தவரை சபையினர் கூற்றே சரியென நாம் கருதுகின்றோம். இருபுறமும் சமம் எனப் பேசுவது பெரும்பாலும் வலியவன் பக்கம் நிற்பதற்கே உதவும். ஆனால் லிண்ட் கேட்டது சமன்பாடு அன்று. கைதியைக் கொல்லுதலும் குடிமகனைக் கொல்லுதலும் தம்மளவில் யாவை என்பதே அவரது வினா. அடுத்த ஆண்டு, 1968இல், ஹூவே நகரைக் கைப்பற்றிய படைகள் அங்குப் பொதுமக்களைக் கொன்றபோது, அவ்வினாவுக்கு விடை கூற ரசல் நியாயசபை தனக்கென ஓர் அளவுகோலை வைத்திருக்கவில்லை.

உடனடிப் பயன் என நோக்குமிடத்துச் சபை தோல்வியே கண்டது. குண்டுவீச்சு நிற்கவில்லை, நூரெம்பேர்க்கில் அமெரிக்காவே வகுத்த நெறி அமெரிக்காவுக்குப் பொருந்தவில்லை. தமது வலிமையின்மையே தமது சுதந்திரத்தின் உத்தரவாதம் எனச் சார்த்தர் கூறியது பெருமைக்குரிய வாக்கெனினும் வியட்னாமிய உழவருக்கு அது ஆறுதலாயிருக்க முடியாது. ஆனால் 1969 நவம்பரில் மை லாய் படுகொலைச் செய்தி வெளியானபோது நிலை மாறிற்று. 1968 மார்ச்சில் நடந்த அப்படுகொலை ஒரு தனித்த பிறழ்வு எனப் பேசப்பட்டபோது, அது பிறழ்வன்று, நடைமுறை என்று காட்டுவதற்கான சாட்சியங்கள் ஏற்கெனவே தொகுக்கப்பட்டிருந்தன. 1971 தொடக்கத்தில் டிட்ரோயிட் நகரில் நூற்றுக்கு மேற்பட்ட முன்னாள் படையினர் தாமே கூடித் தாம் செய்தவற்றையும் கண்டவற்றையும் பகிரங்கமாகச் சாட்சியமளித்தனர். ரொஸ்கில்டேயில் மூவராக இருந்தோர் இவ்வாறு பெருகினர். நீதிபதி ஆசனத்தில் அங்குத் தத்துவஞானிகள் இல்லை. ஓர் இயக்கம் இருந்தது. ஐரோப்பியப் புத்திஜீவிகளின் மனச்சாட்சி செய்யாததை இயக்கம் செய்தது என்று சொல்லிவிடலாம். ஆயின் முந்தியது இன்றிப் பிந்தியது இவ்வளவு தெளிவாகப் பேசியிருக்குமா என்பது ஐயத்துக்குரியது.

ரசல் 1970இல் மறைந்தார். முயற்சியைத் தொடர்ந்தவர் பாசோ. இத்தாலிய அரசியலமைப்பின் மூன்றாம் உறுப்புரையில், சட்டத்தின் முன் சமத்துவம் என்ற வாய்பாட்டோடு நில்லாது, சமத்துவத்தைத் தடுக்கும் பொருளாதார, சமூக இடையூறுகளை அகற்றுதல் குடியரசின் கடமை என்ற பகுதியைச் சேர்த்தவர் அவர். அதே சிந்தனையை அவர் சர்வதேசக் களத்துக்கும் கொணர்ந்தார். 1974 முதல் 1976 வரை ரோமிலும் பிரசெல்சிலும் கூடிய இரண்டாம் ரசல் நியாயசபை, பிரேசில், சிலி முதலிய நாடுகளின் சித்திரவதைக் கூடங்களை மட்டும் விசாரிக்கவில்லை. அச்சர்வாதிகாரங்களால் ஆதாயம் பெற்ற பன்னாட்டுக் கம்பனிகளையும் விசாரித்தது. சித்திரவதை செய்யும் கையை மட்டுமன்றி அக்கைக்குக் கூலி வழங்குவோரையும் நோக்கியமை ஒரு பாய்ச்சல் என்றே கூறல் வேண்டும்.

அச்சபையில் இருந்த ஆர்ஜன்ரீனிய எழுத்தாளர் ஹூலியோ கொர்த்தாசாருக்கு ஒரு கவலை இருந்தது: தீர்ப்புகளை யார் படிக்கிறார்கள்? பத்திரிகைகள் வெளியிடுவதில்லை, வெளியிட்டாலும் உழைக்கும் மக்கள் கையில் அவை சேர்வதில்லை. 1975இல் அவர் மெக்சிக்கோவில் வெளிவந்த மலிவான சித்திரக்கதையொன்றின் கதாநாயகன் ஃபான்டோமாசை எடுத்து, பன்னாட்டுக் கம்பனிகள் என்னும் இரத்தக்காட்டேரிகளுக்கு எதிராக அவன் போரிடும் குறுநூல் ஒன்றை எழுதினார். உலகத்து நூல்களெல்லாம் மறைந்து போகும் மூலக்கதையில் கொர்த்தாசாரும் ஒரு பாத்திரமாக முன்னரே வரையப்பட்டிருந்தார். அவர் அதைப் பிடித்துக்கொண்டு, பிரசெல்ஸ் அமர்விலிருந்து இரயிலில் திரும்பும் தம்மையே கதையினுள் வைத்தார். தனியொரு வீரன் உலகைக் காப்பான் என்ற சித்திரக்கதை நம்பிக்கையை அதே சித்திரக்கதை கொண்டே உடைத்து, இறுதியில் சபையின் தீர்ப்பை இணைத்தார். அந்நூல் பத்திரிகைக் கடைகளில் விற்கப்பட்டது. மக்கள் இலக்கியம் பற்றி நம்மிடையே நடைபெற்ற விவாதங்களில் இந்நூல் பேசப்படாமற் போனது நமது இழப்பே.

பாசோ 1978 டிசம்பரில் இறந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் பொலொஞ்ஞா நகரில், அவர் திட்டமிட்டிருந்தவாறு, நிரந்தர மக்கள் தீர்ப்பாயம் என இன்று நாம் அறியும் அமைப்பு நிறுவப்பட்டது. 1976 ஜூலை 4ஆம் நாள் அல்ஜியர்சில் வெளியிடப்பட்ட மக்களின் உரிமைகள் பற்றிய பிரகடனம் அதன் அடிப்படை ஆவணம். லிண்ட் எழுப்பிய வினாவுக்கு ஒரு பகுதி விடையை இவ்வமைப்பு அளித்தது: 1981இல் ஆப்கானிஸ்தான் பற்றிய அமர்வில் சோவியத் ஒன்றியத்தை ஆக்கிரமிப்பாளன் எனத் தீர்மானித்தது. இடதுசாரி மரபிலிருந்து எழுந்த ஒரு சபை இவ்வாறு கூறியதைச் சிலர் துரோகமாகக் கொண்டனர். டூயி குழுவைப் பேச மறுத்தவர்களின் வழித்தோன்றல்கள் என்று அவர்களைச் சொல்வது மிகையாகாது.

2000 டிசம்பரில் டோக்கியோவில் கூடிய பெண்கள் நியாயசபையைப் பற்றி ஒரு சில கூற வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய இராணுவம் பாலியல் அடிமைகளாக்கிய பெண்கள் அரை நூற்றாண்டு மௌனத்தினுள் வாழ்ந்தனர். 1991 ஆகஸ்டில் கொரியாவின் கிம் ஹக்-சுன் பகிரங்கமாகப் பேசிய பின்னரே மற்றவர்கள் முன்வந்தனர். 1992 ஜனவரி முதல் சோலில் உள்ள ஜப்பானியத் தூதரகத்தின் முன் புதன்கிழமைகளில் ஆர்ப்பாட்டம் நடைபெறலாயிற்று. நம் நாட்டவரான ராதிகா குமாரசுவாமி, ஐக்கிய நாடுகளின் விசேட அறிக்கையாளர் என்ற முறையில், 1996இல் இக்குற்றம் குறித்து அறிக்கை அளித்தார். டோக்கியோ சபை இவ்வளவுக்கும் பின்னரே கூடியது. வட, தென் கொரிய வழக்கறிஞர் கூட்டாக ஒரே குற்றப்பத்திரத்தைச் சமர்ப்பித்தனர். அரசுகள் பிரித்து வைத்த மக்களைச் சாட்சியம் ஒன்றாக்கிற்று. முன்னாள் ஜப்பானியப் படையினர் இருவர் தம் குற்றத்தைத் தாமே கூறினர். பேரரசர் ஹிரோஹிட்டோ பொறுப்பாளி எனச் சபை தீர்ப்புரைத்தது. ஜப்பானின் பொது ஒலிபரப்புத் தாபனம் தனது நிகழ்ச்சியில் அத்தீர்ப்பை வெட்டியே ஒளிபரப்பியது. அரசின் தண்டனையை விடத் தீர்ப்பைப் பதிவதே அஞ்சப்பட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஸ்டொக்ஹோமில் நீதிபதிகள் சாட்சிகளைத் தேடிச் சென்றனர்; டோக்கியோவிலோ சாட்சிகளின் இயக்கம் நீதிபதிகளை அழைத்தது. அதனாலேயே அது வலியது.

இந்நோக்கில் நம்மைப் பற்றிய இரு அமர்வுகளையும் அணுகலாம். 2010 ஜனவரியில் டப்ளினிற் கூடிய நிரந்தர மக்கள் தீர்ப்பாயம், பெல்ஜிய அறிஞர் பிரான்சுவா ஹூட்டார் தலைமையில், 2009இல் முடிவுற்ற போரின் இறுதிக் கட்டத்தில் இலங்கை அரசு போர்க் குற்றங்களும் மானிடத்துக்கு எதிரான குற்றங்களும் புரிந்தது என முடிவு செய்தது. இனப்படுகொலைக் குற்றச்சாட்டு மேலும் விசாரிக்கப்பட வேண்டும் என்று அது நிறுத்திக்கொண்டது. 2013 டிசம்பரில் பிரேமனிற் கூடிய அமர்வு இனப்படுகொலை என்ற முடிவுக்கு வந்து, பிரித்தானியாவும் அமெரிக்காவும் உடந்தையாயிருந்தன எனவும் கூறிற்று. இடைப்பட்ட காலத்தில், 2011இல், ஐக்கிய நாடுகளின் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, அரசும் விடுதலைப் புலிகளும் பாரதூரமான மீறல்களைப் புரிந்தமை பற்றி நம்பத்தகுந்த குற்றச்சாட்டுகள் இருப்பதாக அறிக்கையிட்டது.

டப்ளினும் பிரேமனும் புலம்பெயர்ந்தோரிடையே பெரு நம்பிக்கையைத் தோற்றுவித்தன. பிரேமன் தீர்ப்பின் மூன்று சொற்கள் சுவரொட்டிகளாயின. அத்தீர்ப்பின் சான்றாய்வோ, வல்லரசுகளின் இந்து சமுத்திர நலன்கள் பற்றிய பகுதியோ அவ்வளவு படிக்கப்படவில்லை. உடந்தை என்று கூறப்பட்ட அதே அரசுகளின் தலைநகரங்களிலேயே நீதி கோரி மனுக்கள் அளிக்கப்பட்டன. தீர்ப்பை ஏற்று அதன் பகுப்பாய்வை விடுத்தமை தற்செயலன்று. ஏகாதிபத்தியத்தை நீதிபதியாக்க விரும்பும் ஓர் அரசியலுக்கு, அதனைக் கூண்டில் நிறுத்தும் பக்கங்கள் உகந்தவையாகா. இலண்டனில் 1966இல் கூடியோர் இம்மயக்கத்துக்கு ஆளாகவில்லை.

லிண்டின் வினா இங்கும் வந்து நிற்கின்றது. இவ்விரு அமர்வுகளினதும் குற்றச்சாட்டு அரசுக்கு எதிரானது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் சில நாட்களுள், சில இடங்களிற் சில மணித்தியாலங்களுள், வெளியேற்றியமை அதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றது. அரசின் குற்றத்தின் அளவை இது குறைக்காது. யாழ்ப்பாணத்திலிருந்து புத்தளம் சென்ற குடும்பங்களுக்கென ஸ்டொக்ஹோமிலோ டப்ளினிலோ எவரும் மண்டபம் எடுக்கவில்லை. அவ்விசாரணையைக் கூட்ட வேண்டியவர்கள் வெளிநாட்டுப் பேராசிரியர்கள் அல்லர். தமிழிலே எழுதும் நாமே. கசூரியும் ஹெர்னாண்டசும் தம் நாட்டு ஆளும் வர்க்கங்களோடு மோதிக்கொண்டே பிறநாட்டார்க்காக நீதி பேசினர் என்பதை இதனோடு சேர்த்து எண்ணலாம்.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் அதனைத் தொடர்ந்து வவுனியா, முல்லைத்தீவு முதலிய இடங்களிலும் காணாமலாக்கப்பட்டோரின் உறவினர் தெருவோரக் கொட்டகைகளிற் போராட்டம் தொடங்கினர். பெரும்பான்மையோர் தாய்மார். அவர்களுட் பலர் அதற்கு முன்னரே அரசு அமைத்த ஆணைக்குழுக்களின் முன் தோன்றிப் பெயர், திகதி, இடம், சரணடைந்த வேளை ஆகியவற்றை மீண்டும் மீண்டும் கூறியவர்கள். அவர்களது சாட்சியங்கள் படிவங்களாகக் கொழும்பில் அடுக்கப்பட்டுள்ளன. கொட்டகைகளில் தொங்கிய நிழற்படங்களின் கீழும் அதே பெயர்களும் அதே திகதிகளும் எழுதப்பட்டிருந்தன; சாட்சியமளித்துவிட்டுக் காத்திருந்த தாய்மார் சிலர் விடை காணாமலே இறந்துவிட்டனர்.